மயிலத்தில் ஆள் ஏறும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இருபத்தாறு வருஷம் பாசஞ்சர் வண்டியில் பாஸ் எடுத்துப் போய் வந்தவள் நான். அத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தைகள் எவை என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: "மயிலத்துல ஆளு ஏறுது." காலை வண்டி திண்டிவனத்துக்கு வரும்போதே பாதி நிரம்பியிருக்கும். முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து, பக்கத்து இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவேன். யாராவது பையை எடுக்கச் சொன்னால் இதைச் சொல்வேன். "ஏறும்போது பாத்துக்கலாம்மா" என்று உட்காரப் பார்த்தால், அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அடுத்த ஸ்டேஷன்தான் மயிலம். அங்கே மூச்சிரைக்க ஓடிவந்து ஏறுகிற ஒருத்திக்காகத்தான் அத்தனை சண்டையும்.

அவள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் பிளாட்பாரத்தில் அவள் தலை தெரியும். தலையை வாராமல் ஓடிவந்திருப்பாள். உட்கார்ந்து பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் பின்னி முடிப்பாள், விக்கிரவாண்டியில் பூ வைப்பாள், முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது நாலு பேரை அதட்டுகிற நர்ஸம்மா முகம் வந்திருக்கும். இதற்கிடையில் பேச்சு ஒரு நிமிஷம் நிற்காது. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிக்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொள்வாள்.

எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஏறுகிற ஊர் அல்லது பார்க்கிற வேலை, அதுதான் பெயர். தபால் ஆபீசில் வேலை பார்த்த தம்பி 'போஸ்ட்டு'. விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் இருந்த நான் 'ரெக்கார்டு'. அவள் 'மயிலம்'. எனக்கு மட்டும் மயிலம் அக்கா. அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டு வந்தால் பெட்டி முழுக்கப் பங்கு வைத்தாலும், ஒரு கைப்பிடி தனியாக என் பையில் போட்டுவிட்டுப் போவாள்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது லீவு போட்டுவிட்டு வந்து மூன்று நாள் என் பக்கத்தில் இருந்தவள் அவள். அவள் வீட்டுக்காரர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, மயிலத்தில் அவள் வீட்டுத் தரையில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதற்கப்புறம் நான் செய்த காரியத்துக்கு, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அவர் போய்ப் பத்து மாசத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஒருநாள் காலையில் பேரணி தாண்டியதும் அவள் எழுந்து நின்றாள். தன் பழுப்பு ரெக்சின் பையைத் திறந்து, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டை எடுத்தாள். ஓடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். போஸ்ட்டுக்குக் கொடுத்தாள். எதிர் சீட்டுக்குக் கொடுத்தாள். அதே கையோடு எனக்கும் ஒன்று நீட்டினாள். "அவசியம் வந்துரணும் ரெக்கார்டு" என்றாள். "வர்றேங்க்கா" என்றேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

நம் பக்கத்துக் கதைதான் தெரியுமே. வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் கையிலும் கொடுத்தால்தான் அது அழைப்பு. வழியில் பார்த்துக் கொடுப்பதெல்லாம் ஒப்புக்குக் கொடுப்பது. அத்தனை வருஷம் சீட்டுப் பிடித்து வைத்த எனக்கும், வாரம் ஒருநாள் வருகிற ஆளுக்கும் ஒரே மாதிரி வண்டியில் பத்திரிகையா? அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரரிடம் குதித்தேன். அவர் சாதுவான மனுஷர். "அந்தம்மா நெலமையும் பாக்கணும்ல. நீயாவது போய்ட்டு வாயேன்" என்றார். "மரியாத இல்லாத எடத்துக்கு நான் போக மாட்டேன்" என்றேன். கல்யாணத்தன்று விடாப்பிடியாக ஆபீசுக்குப் போனேன். எங்கள் பெட்டியே காலியாக இருந்தது, எல்லோரும் மயிலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்க தோஷத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். மயிலம் பிளாட்பாரத்தில் ஓடிவந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அடுத்திருந்த லேடீஸ் பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், பத்தொன்பது வருஷப் பழக்கம் முடிந்தது. அப்புறம் கொரோனா வந்து வண்டியே நின்றது. வண்டி மறுபடி ஓடியபோது அவள் ரிட்டயர் ஆகியிருந்தாள்.

மொத்தம் எட்டு வருஷம். அதற்குள் எனக்கு என்னென்னவோ ஆகிவிட்டது. சர்க்கரை வந்தது. முழங்கால் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரும் போனார். நான் கத்தினால் சிரித்துக்கொண்டே கேட்கிற ஆள் போனதும், கத்துவதில் ஒரு சுகமும் இல்லாமல் போய்விட்டது. போன வருஷம் ரிட்டயர் ஆனேன். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட, "பரவால்ல, போப்பா" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, இதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். குறை ஒன்றும் இல்லை, ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு மாத்திரையில் பாதி குறைத்துவிட்டார் டாக்டர்.

போஸ்ட்டுத் தம்பி வாட்ஸப்பில் 'காலை பாசஞ்சர்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தான். வண்டியில் வாயே திறக்காத ஆளெல்லாம் அதில் தினம் மூன்று வேளை பூப்படத்தோடு வணக்கம் போடுகிறார்கள். ஓயாமல் பேசிய மயிலம் அக்கா மட்டும் ஒரு வார்த்தையும் போடுவதில்லை. மயிலம் மலைக்கோயில் கோபுரத்தைத் தன் படமாக வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தக் கோபுரத்தை நான் அவ்வப்போது தொட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஏதாவது எழுதலாம் என்று ஆரம்பிப்பேன், அழிப்பேன். தப்பு அவள் மேல்தான் என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை. பெரிய மனசு பண்ணி நானே முதலில் பேசலாமா என்கிற அளவுக்குத்தான் வந்திருந்தேன்.

இந்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை அழைக்கக் கிளம்ப வேண்டும். காலையிலேயே குளித்து, நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு, சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள், குங்குமம் எல்லாம் அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரரின் தம்பியும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். என்னையும் தட்டையும் பார்த்துவிட்டுக் கொழுந்தனார் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"நீங்க எதுக்கு அண்ணி வெயில்ல அலைஞ்சிக்கினு? நாங்க ரெண்டு பேரும் ஜல்தியா போய் வெச்சிட்டு வந்துர்றோம். நீங்க வீட்டப் பாத்துக்குங்க."

அவர் மனைவி கிட்டே வந்து என் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது என் விரலை ஒரு தரம் அழுத்தினாள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வெயிலே இல்லை, மூடாக்காக இருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மங்கல காரியத்துக்குச் சுமங்கலிதான் தட்டு எடுக்க வேண்டும் என்பதை என் மனசு நோகாமல் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

கார் போன பிறகு நான் வாசலிலேயே நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான், எட்டு வருஷம் கழித்து, எனக்கு உறைத்தது. அக்கா எந்தத் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்க முடியும்? யாரை ஜோடியாக அழைத்துக்கொண்டு வந்திருக்க முடியும்? அவள் பொட்டும் பூவும் இல்லாமல் வண்டியில் ஏறியதை முதல் நாளில் பார்த்தவள் நான். அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நான். அவளைப் பார்த்துத்தான் மரியாதை தெரியவில்லை என்று குதித்தேன். வெட்கமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழுததைவிட, என் மேல் வந்த ஆத்திரத்தில் அழுததுதான் அதிகம்.

மறுநாளே மயிலத்துக்குப் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. கூடையில் அதே சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பத்திரிகை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. அவள் வரவேண்டும். என் மகள் கல்யாணத்தில் அவள் இருக்கவேண்டும். அதைத் தவிர அன்றைக்கு எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஆள் பாதியாகியிருந்தாள். மை போட்டுக் கருகருவென்று இருந்த தலை பஞ்சு போல வெளுத்திருந்தது. அவளும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை என் நெற்றியில் நின்றது.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "வரணும்னு கெளம்பினேன். வந்தா நீ மூஞ்சத் திருப்பிக்கினா என்னா பண்றதுன்னு நின்னுட்டேன். உள்ள வா."

டீ போட்டுக் கொடுத்தாள், கேட்காமலே சர்க்கரை இல்லாமல். நர்ஸ் கண்ணுக்கு என் கால் வீக்கம் போதும். நான் பேச ஆரம்பித்தேன். எப்போதும் போல நடுவில் புகுந்து முடித்து வைப்பாள் என்று நினைத்தேன். புகவில்லை. நான் தட்டு வாங்கப்பட்ட கதையைச் சொல்லி, "தப்பு பூரா என்னுதுக்கா. தெரிஞ்சே பண்ணேன். மன்னிச்சிருன்னு கேக்கத்தான் வந்தேன்" என்று முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் கேட்டாள். அவள் இப்படிக் கேட்டதை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"எங்க வீட்லயும் கொழுந்தனாருதான் சொந்தக்காரங்களுக்கு வெச்சாரு" என்றாள். "உன் வீட்டுக்கு நானே வரணும்னுதான் நெனச்சேன். தட்டு கூட எடுத்து வெச்சிட்டேன். அப்பறம் பயமா ஆயிடுச்சி. உன் வீட்டுக்காரரு நல்லா இருக்காரு, வெளக்கு எரியற வீடு. நான் வந்து வெச்சி, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீ என்னை நெனைக்க மாட்டியா? நீ நெனைக்கலன்னாலும் நான் நெனைப்பேன். அதான் வண்டியிலயே எல்லாருக்கும் குடுக்கற மாதிரி உனக்கும் குடுத்தேன். உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கி முன்வரிசையில ஒரு சேர்ல என் பைய வெச்சிருந்தேன், உனக்கு. எத்தினி பேரு எடுக்கச் சொன்னாங்க தெரியுமா? திண்டிவனத்துலருந்து ஆளு வருதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். தாலி கட்டி முடிஞ்சி எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. பை மட்டும் அங்கியே இருந்துச்சி."

கூடையிலிருந்து தட்டை எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இங்க வேணாம். இங்க குடுத்தா நான் வாங்க மாட்டேன்."

"அக்கா..."

"வண்டியில குடு" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் எங்க குடுத்தேனோ அங்க வெச்சிக் குடு."

ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். மத்தியான வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அத்தனை காலமும் நகர்கிற வண்டியைத் துரத்தியவள், பிளாட்பாரத்து பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தாள். "இப்ப எல்லாத்துக்கும் முன்னாடியே வந்துர்றேன். வேற என்னா வேல?" என்றாள். முண்டியம்பாக்கத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். வண்டி காலியாகத்தான் வந்தது, இடத்துக்குச் சண்டை போட ஆளே இல்லை. உட்கார்ந்ததும் நான் பத்திரிகையை எடுத்தேன். "பேரணி தாண்டட்டும்" என்றாள் கண்டிப்பாக.

பேரணி தாண்டியது. நான் எழுந்து நின்றேன். முழங்கால் வலியோடு ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தட்டோடு நிற்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆரஞ்சுப் பழம் ஒன்று உருண்டு சீட்டுக்கடியில் ஓடியது. எதிரில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் போனை மூடிவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவளும் எழுந்து நின்றாள். "அவசியம் வந்துரணும்க்கா" என்று சொல்லித் தட்டை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, பத்திரிகையை எடுத்து, கண்ணாடி போடாமல் தூரமாகப் பிடித்து முழுவதும் படித்தாள். காலேஜ் பெண்களில் ஒருத்தி குனிந்து ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

"வருவியாக்கா?" என்று கேட்டேன்.

"வர்றேன்னு சொல்ல மாட்டேன். நீயும் அன்னைக்கி வர்றேன்னுதான் சொன்ன."

"இன்னும் கோவமா?"

"பாதி போயிடுச்சி" என்றாள். "மீதிய அப்பறம் பாக்கலாம்." முண்டியம்பாக்கத்தில் இறங்கி, எதிர் வண்டி வரும் வரைக்கும் அந்த ஆரஞ்சை உரித்துத் தின்றோம். எட்டு வருஷக் கதையைப் பேசினோம். கடைசி வரைக்கும் வர்றேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

கல்யாணம் திண்டிவனத்திலேயே ஒரு மண்டபத்தில். தாரை வார்த்துக் கொடுக்கக் கொழுந்தனாரும் அவர் மனைவியும் மேடையில் உட்கார்ந்தார்கள். நான் இடுப்பில் சாவிக்கொத்தோடு சாமான் ரூம் பக்கம் நின்றேன். தேங்காய்ப் பையைக் கொடு, காபிக்குச் சொல்லு என்று எனக்கு ஏதாவது வேலை வந்துகொண்டே இருந்தது. இல்லாவிட்டால் நானே ஏதாவது வேலை தேடிக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவள் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கிருந்து மேடை தூணுக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தது. வாசல் முழுசாகத் தெரிந்தது. போஸ்ட்டுத் தம்பி குடும்பத்தோடு வந்தான். பழைய பெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மயிலம் பஸ் இரண்டு வந்து போயிருக்கும் நேரம் ஆகிவிட்டது. அவளைக் காணோம். இப்படித்தானே அன்றைக்கு அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், எனக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் யாரிடமோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். சம்பந்தி வீட்டோடு தகராறா என்று பதறிக்கொண்டு முன்னால் ஓடினேன். வெள்ளைத் தலையும் நீலப் பட்டுப் புடவையுமாக மயிலம் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸுக்கே வந்து, சாப்பாட்டுக்கூடத்து வழியாக நுழைந்து, காபி குடித்துவிட்டு, நாற்காலி போட்டவுடனே உட்கார்ந்துவிட்டாளாம். பக்கத்து நாற்காலியில் அந்தப் பழுப்பு ரெக்சின் பை இருந்தது.

"ஏம்மா, முகூர்த்த நேரத்துல ஒரு பைக்கு ஒரு சேரா? எடும்மா" என்றார் அவர்.

"எடுக்க மாட்டேங்க" என்றாள் அக்கா. "திண்டிவனத்துல ஆளு ஏறுது."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எம்மாம் நேரம் சண்ட போட்டுக்கினே இருக்கறது? வந்து உக்காரு" என்று அதட்டினாள்.

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் மகளுக்குத் தாலி ஏறியதை முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.